பிறர் மனம் என்னும் வழக்கு

என் மனம் ஒன்றுதான் உண்மை, மற்றவர்கள் எல்லாம் அதில் தோன்றி மறையும் காட்சிகள் என்ற எண்ணம் தனிமையில்தான் பிறந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. குகையில் கண்மூடி அமர்ந்த துறவியோ, குளிர்காலத்தில் ஓர் அறைக்குள் அடைந்து கிடந்து எல்லாவற்றையும் ஐயுற்ற டெக்கார்த்தோ நினைவுக்கு வருவார்கள். இந்திய மெய்யியலைப் பொறுத்தவரை இது தவறான ஊகம். இங்கே அந்த எண்ணம் வளர்ந்தது ஆட்கள் நிறைந்த வாதமண்டபத்தில். எதிராளியை மடக்குவதற்காக அவன்மேல் சுமத்திய பழியாகவே அது தொடங்கியது. பல நூற்றாண்டுகள் பழியாகவே நீடித்தது. பழிக்கு ஆளானவர்கள் அதைத் துடைத்துக்கொள்ள எழுதிய நூல்களில்தான் அதன் தருக்கம் கூர்மை பெற்றது. கடைசியில் ஒருவர், அந்தப் பழியை மறுக்காமல் ஏற்றுக்கொண்டு ஒரு நூலே எழுதினார்.

வாதம் செய்வது அக்காலத்தில் ஊரறிந்த வழக்கம். மணிமேகலையில் இந்திரவிழாவுக்கு முரசறைகிறவன், வாதிடத் தெரிந்தவர்கள் பட்டிமண்டபம் ஏறலாம் என்றும் சேர்த்தே அறிவிக்கிறான். பிறகு வஞ்சியில் மணிமேகலை ஒவ்வொரு சமயக்கணக்கரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள். நியாய சூத்திரம் உண்மையைத் தேடும் வாதம், வெற்றிக்காகச் செய்யும் சற்பம், தன் பக்கம் எதையும் நிறுவாமல் எதிர்ப்பக்கத்தை மட்டும் இடிக்கும் விதண்டை என்று மூன்றாகப் பிரித்து விதிகள் வகுத்தது. அந்த விதிகளில் ஒன்று கவனிக்கத்தக்கது: காட்டும் எடுத்துக்காட்டு பாமரனுக்கும் அறிஞனுக்கும் ஒருபோலப் புலப்படுவதாக இருக்க வேண்டும். அதாவது, விளையாட்டின் விதியிலேயே இரண்டாவது மனம் ஒன்று முன்கூட்டியே குடியேறியிருந்தது. நாளந்தா பௌத்த மடாலயத்தின் வாயிலிலேயே கேள்வி கேட்டு, பதில் சொல்ல முடியாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள் என்று சீனப் பயணி யுவான் சுவாங் எழுதுகிறார்.

யோகாசாரப் பௌத்தரான வசுபந்துவின் விம்சதிகை இந்தச் சூழலின் பிள்ளை. சுமார் இருபது செய்யுள்களே கொண்ட நூல்; அதில் பெரும்பகுதி எதிராளியின் கேள்விகளுக்குப் பதில். வெளிப்பொருள் இல்லை, எல்லாம் அறிவின் தோற்றமே என்றால், ஒரே பொருளைப் பலர் ஒரே இடத்தில் எப்படிப் பார்க்கிறார்கள்? ஒத்த வினையுடைய பிரேதங்கள் என்னும் பசிப்பேய்கள் அனைத்துக்கும் ஆறு சீழாகத் தெரிவது போல, என்கிறார். உடலே இல்லை என்றால் ஆட்டை வெட்டுகிறவனுக்குக் கொலைப்பாவம் எப்படி வரும்? ஒரு மனம் இன்னொரு மனத்தைத் தாக்கிச் சிதைக்க முடியும், முனிவர்களின் சினத்தால் தண்டகாரணியம் பாழானது போல, என்கிறார். பதில்களின் வலிமை ஒருபுறம் இருக்கட்டும். இரண்டு பதில்களிலும் மனங்கள் பல. வெளியுலகைக் கைவிட்ட வசுபந்து அயலாரைக் கைவிடவில்லை. ஆட்டுவெட்டியின் பாவத்தைக் காப்பாற்ற ஆட்டுக்கு ஒரு மனம் வேண்டியிருந்தது.

ஆனால் எதிராளி விடுவானா? உடல் என்பதே உன் அறிவின் தோற்றம் என்றால், அதற்குள் இன்னொரு மனம் இருப்பதை எதைக்கொண்டு அறிந்தாய் என்று கேட்டான். இதற்கென்றே பௌத்தத் தருக்கவியலாளர் தர்மகீர்த்தி சந்தானாந்தரசித்தி என்ற தனி நூல் எழுதினார். வடமொழி மூலம் அழிந்து, திபெத்திய மொழிபெயர்ப்பில் எஞ்சியிருக்கிறது. அவர் விடை எளிமையானது: பிறர் மனத்தை நீயும் நேரில் பார்ப்பதில்லை. உன் பேச்சுக்கும் அசைவுக்கும் முன்னால் உன் விருப்பம் இருப்பதை உணர்கிறாய். உன் விருப்பமின்றிப் பேச்சும் அசைவும் தோன்றும்போது, அவற்றுக்கு வேறொரு விருப்பம் காரணம் என்று அனுமானிக்கிறாய். அசைவு வெளியே இருந்தால் என்ன, அறிவில் தோன்றினால் என்ன, அனுமானம் ஒன்றுதானே? இதே பிறர் மனத்தை அவர் உலகாயதர்மேல் ஆயுதமாகவும் எடுத்தார். கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்பேன் என்கிறவன், தான் யாரோடு வாதிடுகிறானோ அவனுடைய மனத்தை எந்தக் கண்ணால் கண்டான்?

யுவான் சுவாங் தொகுத்த சீன நூலான செங் வெய்ஷி லுன் இன்னும் நேராகவே பேசுகிறது. அறிவு மட்டுமே என்றால் ஒரே ஓர் அறிவு என்று யார் சொன்னது, ஒன்றேயானால் யார் யாருக்குக் கற்பிப்பது என்று எதிராளியையே திருப்பிக் கேட்கிறது. இந்த நூல் பெரிதும் சார்ந்திருப்பது நாளந்தாவின் தர்மபாலரை. அவர் பிறந்த ஊர் காஞ்சிபுரம் என்று யுவான் சுவாங்கின் பயணநூல் குறிக்கிறது.

11ஆம் நூற்றாண்டில் விக்கிரமசீல மடாலயத்தைச் சேர்ந்த இரத்னகீர்த்தி, தர்மகீர்த்தியின் பரம்பரையில் வந்தவர், முன்னோரின் விடையையே உடைத்தார். நூலின் பெயர் சந்தானாந்தரதூஷணம். காரண காரிய உறவை நிறுவ இரண்டும் சேர்ந்திருப்பதைக் காண வேண்டும், ஒன்று இல்லாதபோது மற்றது இல்லாததையும் காண வேண்டும். இது தர்மகீர்த்தியே தந்த விதி. நான் கண்ட விருப்பமோ என் விருப்பம் மட்டும். மலைக்கு அப்பால் உள்ள நெருப்பு இப்போது தெரியாவிட்டாலும், போய்ப் பார்த்தால் தெரியும் இனம். பிறர் விருப்பம் எக்காலத்திலும் எனக்குத் தெரிய முடியாத இனம். தெரிய முடியாத ஒன்று ஓரிடத்தில் இல்லை என்பதை எப்படி உறுதி செய்வது? அனுமானம் இங்கேயே நொண்டுகிறது. இதோடு அவர் நிற்கவில்லை. பிறர் மனம் என் மனத்திலிருந்து வேறு என்று சொல்ல, அந்த வேறுபாடு எங்காவது தோன்ற வேண்டும். நீலமும் மஞ்சளும் வேறென்பது இரண்டும் தோன்றுவதால் தெரிகிறது. தோன்றாத ஒன்றோடு வேறுபாடு காண்பது எப்படி? முடிவாக, நடைமுறை வழக்கில் பிறர் மனம் இருக்கட்டும், பரமார்த்தத்தில் இல்லை என்றார். இந்நூலின் வடமொழி மூலம், ராகுல சாங்கிருத்தியாயன் திபெத்தில் தேடிக் கண்ட சுவடிகளின் வழியே நமக்குக் கிடைத்து, 1957இல் பாட்னாவில் அச்சேறியது.

பிறர் இல்லை என்கிறவர் யாருக்காக நூல் எழுதினார் என்று கேட்கத் தோன்றும். இது கேட்பதற்குச் சுவையான கேள்வி, ஆனால் பலமற்றது. கனவிலும் நாம் வாதிடுகிறோம். அதனால் கனவு மனிதர்கள் உண்மையாகிவிடுவதில்லை. தவிர, எதிராளி ஒப்புக்கொண்ட விதிகளை வைத்தே அவனை மறுப்பது அந்த மண்டபங்களின் அன்றாடப் பழக்கம். தியானத்தின் ஒருமையே இந்தக் கொள்கைக்கு ஊற்று என்பது இன்னும் கனமான மறுப்பு. யோகாசாரம் என்ற பெயரிலேயே யோகம் இருக்கிறது. உலகம் மனத்தோற்றம் என்ற கருத்து தியானத்தில் முளைத்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பிறர் மனம் உண்டா என்ற கேள்வி இந்த நூல்களில் வருமிடத்தைப் பார்த்தால், அது அநேகமாக எப்போதும் எதிராளியின் வாயில்தான் வருகிறது. இரத்னகீர்த்தி கையாளும் கருவிகளும் அனுமானத்தின் விதிகளே, சமாதி அனுபவம் அல்ல. மூன்றாவதாக, நான் என்ற ஆன்மாவையே மறுக்கும் பௌத்தரை 'நான் மட்டுமே' என்கிறவர்களோடு சேர்க்கலாமா? இதில் பாதி நியாயம் உண்டு. இரத்னகீர்த்தியிடம் எஞ்சுவது ஒருவருக்கும் சொந்தமில்லாத அறிவின் ஒளி. ஆயினும் அயலார் இல்லாமல் போகும் அந்தப் பாதி மாறவில்லை.

தமிழ்நாட்டில் இந்த வழக்கு, பிறர் கொள்கையை எடுத்துரைத்து மறுக்கும் பரபக்கம் என்ற வடிவில் தொடர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் யோகாசாரரையும் அத்வைதியான மாயாவாதியையும் அவரவர் மொழியில் பேசவிட்டுப் பிறகு மறுக்கிறார். உயிர்கள் பல என்ற சைவ சித்தாந்தத்துக்கு அந்த மறுப்பு இன்றியமையாதது. அத்வைதத்துக்குள்ளேயோ ஏகசீவவாதம் ஒரு கட்சியாகவே உயிர் பெற்றது. ஆரணிக்கு அருகே அடையபலத்தில் பிறந்த 16ஆம் நூற்றாண்டு அப்பைய தீட்சிதர், சித்தாந்தலேச சங்கிரகத்தில் அதைப் பல கருத்துகளில் ஒன்றாக நிதானமாகப் பதிகிறார்: சீவன் ஒன்றே, ஒரே உடலுக்குத்தான் உயிர், மற்ற உடல்கள் கனவில் கண்டவை போன்றவை. அப்படியானால் சுக முனிவர் முதலானோர் முத்தி பெற்றது? கனவில் இன்னொருவர் முத்தி பெறுவதைக் காண்பது போல, என்று அந்தக் கட்சியின் பதிலையும் எழுதிவிட்டு, தீட்சிதர் அதை இகழாமலும் ஏற்காமலும் அடுத்த கருத்துக்குப் போகிறார்.