வியாழனின் இரைச்சலும் அயோவும்

1955-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஸெனிகாவை அடுத்த 96 ஏக்கர் வயல்வெளியில், கார்னெகி ஸ்தாபனத்தார் சிலுவை வடிவில் அமைத்திருந்த ரேடியோ தொலைநோக்கியைப் பரீட்சித்துக்கொண்டிருந்த பெர்னார்டு பர்க், கென்னத் ஃபிராங்க்ளின் என்னும் இருவர், பதிவுத்தாளில் சில இரவுகளில் மட்டும் ரேடியோ இரைச்சலைக் குறிக்கும் தாறுமாறான கோடுகள் துள்ளி எழுவதைக் கண்டார்கள். பண்ணையாள் எவனோ அகாலத்தில் வீடு திரும்பும் மோட்டார் வண்டியின் மின்பொறிதான் அது என்று முதலில் எண்ணினார்கள். ஆனால் அவ்விரைச்சல் கடிகாரத்தை அனுசரிக்காமல் நட்சத்திரங்களின் உதயகதியை அனுசரித்தது. வாரங்கள் செல்லச் செல்ல, வியாழன் விண்மீன்களிடையே நகர்ந்த வழியிலேயே தானும் நகர்ந்தது. ஆஸ்திரேலியாவில் ஷெயின் என்பவர் தம் பழைய தாள்களைப் புரட்டியபோது, 1950, 51-ஆம் ஆண்டுகளிலேயே அதே ஒலி பதிவாகி, கவனிப்பாரற்றுக் கிடந்தது தெரியவந்தது.

வியாழனின் குறிப்பிட்ட சில பக்கங்கள் நம்மை நோக்கும் வேளைகளில் இரைச்சல் மிகுகிறது என்பது விரைவில் புலப்பட்டது. எனினும் அதே பக்கம் நோக்கும் இரவுகளில் ஒன்று முழங்க, மற்றொன்று மௌனமாயிருப்பானேன்? 1964-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானி பிக் இதற்கு விடை கண்டார். கலீலியோ 1610-இல் கண்ட நான்கு துணைக்கோள்களில் எல்லாவற்றுக்கும் உள்ளே சுற்றுவதாகிய அயோ, பூமியிலிருந்து பார்க்க வியாழனுக்கு நேர்பின்னே நிற்கும் நிலையிலிருந்து சுமார் 90 பாகையோ 240 பாகையோ கடந்திருக்கும்போதுதான் பலத்த முழக்கங்கள் பெரும்பாலும் எழுந்தன! கடலை ஏற்றியிறக்கும் நம் சந்திரனையே அறிந்திருந்த மனிதருக்கு, தன் கிரகத்தின் வானொலியைத் தூண்டும் ஒரு சந்திரன் இருக்கக்கூடும் என்பது எவ்வளவு பெரிய ஆச்சரியம்!

1969-இல் கோல்ட்ரைக், லிண்டன்-பெல் என்னும் இருவர் காரணம் கூற முற்பட்டனர். பத்து மணி நேரத்துக்கும் குறைவான காலத்தில் தன்னைத்தானே சுற்றும் வியாழனின் காந்தமண்டலம், 42 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றும் அயோவை ஓயாமல் முந்திச் செல்வதால், அயோ ஒரு டைனமோவாகிவிடுகிறது. அங்கே பிறக்கும் பல லட்சம் வோல்ட் மின்னழுத்தம் காந்தக் கோடுகளின் வழியே மின்னோட்டத்தை வியாழனின் துருவப் பிரதேசங்களுக்குச் செலுத்த, அங்கு சுழன்று திரியும் எலெக்ட்ரான்கள் ரேடியோ அலைகளை வெளியிடுகின்றன. 1979-இல் வாயேஜர் 1 விண்கலம் அயோவின் அருகே சென்று, இந்த மின்னோட்டத்தால் காந்தப்புலம் வளைந்திருந்ததை அளந்தது. அங்கே கந்தகத்தைக் கக்கும் எரிமலைகளையும் படமெடுத்து அனுப்பியது. அவ்வெரிமலைகளின் ஆவியே, ஒரு விநாடிக்கு ஏறத்தாழ ஒரு டன் வீதம் அயோவை நீங்கி, மின்னேற்றம் பெற்று, வியாழனைச் சுற்றி ஒரு வளையமாக நிறைந்திருக்கிறது.