பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தும் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? மின்சாரக் காரின் 12 வோல்ட் பேட்டரி பற்றி வீட்டார் அனைவரும் அறிய வேண்டியவை



நமது தூத்துக்குடி மாவட்டம் இன்று மின்சாரக் கார் தயாராகும் மாவட்டம். சில்லாநத்தம் சிப்காட் வளாகத்தில் வியட்நாமைச் சேர்ந்த வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50,000 கார்கள் என்பது அதன் தொடக்க உற்பத்தித் திறன். ஸ்ரீவைகுண்டம், காயல்பட்டினம் போன்ற நம் ஊர்களிலும் மின்சாரக் கார் வாங்குவதைப் பற்றிப் பேசாத வீடுகள் குறைந்து வருகின்றன.

நம் வீடுகளுக்கென்று ஒரு தனி நிலைமை உண்டு. காரை வாங்கிய பிள்ளை வளைகுடாவில் இருப்பார். வீட்டில் வயதான வாப்பாவும் உம்மாவும், பெண்களும் பிள்ளைகளும் இருப்பார்கள். கார் வாரக்கணக்கில் போர்ட்டிகோவில் நிற்கும். அவசரத்துக்கு எடுக்கும்போது கதவே திறக்காது, திரையும் எரியாது. "போன வாரம் பார்த்தபோது 80 சதவீதம் சார்ஜ் இருந்ததே" என்று குழம்பிப் போவார்கள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். நள்ளிரவில் அந்தக் குழப்பம் வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இதுபற்றிய விவரங்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஒரு காரில் இரண்டு பேட்டரி

மின்சாரக் காரின் அடியில் பல நூறு வோல்ட் கொண்ட பெரிய பேட்டரி இருக்கிறது. சக்கரங்களைச் சுழற்றும் மோட்டாருக்கு மின்சாரம் தருவது அதுதான். பெட்ரோல் காரில் இருப்பது போலவே 12 வோல்ட் சின்ன பேட்டரி ஒன்றும் தனியாக இருக்கிறது. கதவுப் பூட்டு, விளக்கு, ஹாரன், திரை, கணினிகள் எல்லாம் இந்தச் சின்ன பேட்டரியில்தான் இயங்குகின்றன.

பெரிய பேட்டரியைக் காருடன் இணைக்கும் கனமான சுவிட்சுகள் கார் அணைந்திருக்கும்போது பாதுகாப்புக்காகத் துண்டித்தே இருக்கும். அவற்றை மூட வைக்கும் மின்சாரமும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். வீட்டில் அரிசி மூட்டை நிறைய இருந்தும் சாவி தொலைந்தால் என்ன செய்வது? அதே நிலைதான் இங்கும். சின்ன பேட்டரி டவுன் ஆனால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் பயனில்லை. பெரும்பாலான மாடல்களில் சார்ஜர் வயரைச் சொருகினாலும் சார்ஜ் ஏறாது.

சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது டிசி டிசி கன்வெர்ட்டர் என்ற கருவி. கார் 'ரெடி' நிலையில் இருக்கும்போதும், வயர் சொருகிச் சார்ஜ் ஏறும்போதும் பெரிய பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து இது 12 வோல்ட் பேட்டரியை நிரப்பும். கார் சும்மா நிற்கும்போது சில மாடல்கள் தாமாகவே அவ்வப்போது நிரப்பிக்கொள்ளும். பெரிய பேட்டரியில் சார்ஜ் மிகவும் குறைந்துவிட்டால் அந்த உதவியும் நின்றுவிடும்.

தமிழகத்தில் தயாரான காரிலேயே நடந்தது

சென்னை அருகே ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் பூட்டப்படும் ஹூண்டாய் ஐயோனிக் 5 கார்களில் 1,744 கார்களை அந்நிறுவனம் 2024-ல் சரிபார்ப்புக்காகத் திரும்ப அழைத்தது. 2022 ஜூலை 21 முதல் 2024 ஏப்ரல் 30 வரை தயாரானவை அவை. சார்ஜ் ஏற்றுவதைக் கட்டுப்படுத்தும் ஐசிசியு என்ற பகுதியில் கோளாறு ஏற்பட்டால் 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடலாம் என்பதே காரணம். அதே ஆண்டு ஜூலையில் கியா நிறுவனமும் இதே காரணத்துக்காக 1,138 இவி6 கார்களை அழைத்தது.

பேட்டரி டவுன் ஆனால் குற்றம் பேட்டரியிடம் மட்டுமே இருக்கும் என்பதில்லை என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்கிறோம். அதை நிரப்ப வேண்டிய கருவியும் பழுதாகியிருக்கலாம். உங்கள் கார் இப்படித் திரும்ப அழைக்கப்பட்ட பட்டியலில் உள்ளதா என்று சேஸிஸ் எண்ணைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். அந்தப் பழுதுநீக்கம் இலவசம்.

சின்ன பேட்டரி ஏன் இறங்குகிறது?

1. ஓடாமல் நிற்பது. பூட்டிய காரிலும் அலாரம், சாவி உணரி, சிம் கார்டு இணைப்பு ஆகியவை கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும்.

2. வெளியே வாங்கிப் பொருத்திய சாதனங்கள். டேஷ் கேமரா, ஜிபிஎஸ் கருவி, கூடுதல் விளக்கு, ஆம்ப்ளிஃபயர் போன்றவை கார் நின்ற பிறகும் ஓடினால் சில நாட்களிலேயே பேட்டரியைத் தீர்த்துவிடும்.

3. செல்போன் செயலி. துபாயில் இருக்கும் பிள்ளை தினமும் பத்து முறை செயலியைத் திறந்து சார்ஜ் எவ்வளவு என்று பார்த்தால், பல மாடல்களில் ஒவ்வொரு முறையும் கார் விழித்துக்கொள்ளும்.

4. சாவியைக் காரின் அருகிலேயே மாட்டி வைப்பது. சில கார்கள் சாவியின் சிக்னலை உணர்ந்துகொண்டே விழித்திருக்கும். சில மீட்டர் தள்ளி, வீட்டுக்குள் வையுங்கள்.

5. வெயிலும் வயதும். ஈய அமில பேட்டரியின் ஆயுளை வெப்பம் வெகுவாகக் குறைக்கும். நம் ஊர் வெயிலில் மூன்றாண்டு கடந்த பேட்டரியை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிப்பது நல்லது.

6. உப்புக் காற்று. கடலும் உப்பளமும் உள்ள நம் கரையோரத்தில் டெர்மினலில் வெள்ளை அல்லது பச்சை நிறத்தில் பொடி பூக்கும். அதனால் பேட்டரி நன்றாக இருந்தும் மின்சாரம் சரியாகப் போகாது.

முன்கூட்டியே தெரியும் அடையாளங்கள்

ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத பல எச்சரிக்கை விளக்குகள் எரிவது, திரை தானாக அணைந்து எரிவது, ரிமோட் சில நேரம் வேலை செய்யாமல் போவது, பூட்டு மெதுவாக இயங்குவது, ஒரே அழுத்தலில் 'ரெடி' வராதது ஆகியவை பேட்டரி பலவீனத்தின் அடையாளங்கள். இவற்றைப் பார்த்ததும் 12 வோல்ட் பேட்டரியை முதலில் சோதியுங்கள்.

வோல்ட் பார்ப்பது எப்படி?

எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். பேட்டரி போனட்டுக்குள் இருந்தால் போனட்டைத் திறந்து வைத்து, காரைப் பூட்டி, சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். ஈய அமில பேட்டரிக்கான கணக்கு இது:

12.6 முதல் 12.8 வோல்ட் வரை: முழு சார்ஜ்.
12.4 வோல்ட்: சுமார் முக்கால் பங்கு.
12.2 வோல்ட்: பாதி. சார்ஜ் ஏற்ற வேண்டும்.
12.0 வோல்ட்டும் அதற்குக் கீழும்: ஏறக்குறைய தீர்ந்துவிட்டது.

பிறகு காரை 'ரெடி' நிலைக்குக் கொண்டுவந்து மீண்டும் அளக்கவும். 13.5 முதல் 14.7 வோல்ட் வரை காட்டினால் கன்வெர்ட்டர் நிரப்புகிறது என்று பொருள். 'ரெடி'யிலும் 12 வோல்ட் அளவிலேயே நின்று மெல்ல இறங்கினால் பழுது கன்வெர்ட்டரிலோ அதன் ஃபியூஸிலோ இருக்கலாம். அந்நிலையில் புது பேட்டரி வாங்கிப் போட்டால் அதுவும் இறங்கும், பணம்தான் வீண். சில கார்களில் 12 வோல்ட் பேட்டரியே லித்தியம் வகை. அவற்றுக்கு மேற்கண்ட அளவுகள் பொருந்தாது. உரிமையாளர் கையேட்டைப் பாருங்கள்.

கார் முழுவதும் செயலிழந்து நின்றால்

முதலில் உயிர். குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டால் பேட்டரியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 2024 ஜூன் மாதம் அமெரிக்காவின் அரிசோனாவில் 20 மாதக் குழந்தையை இருக்கையில் அமர்த்தி ஒரு பாட்டி கதவைச் சாத்திய நேரத்தில் டெஸ்லா காரின் சின்ன பேட்டரி தீர்ந்துபோய்க் கதவு திறக்கவில்லை. தீயணைப்பு வீரர்கள் கண்ணாடியை உடைத்துக் குழந்தையை மீட்டனர். வெயிலில் மூடிய காரில் பத்தே நிமிடத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். சாவியால் உடனே திறக்க முடியாவிட்டால் குழந்தையிடமிருந்து தள்ளியுள்ள பக்கக் கண்ணாடியின் மூலையில் அடித்து உடையுங்கள். 112 எண்ணை அழையுங்கள்.

கதவைத் திறப்பது. பெரும்பாலான ரிமோட்டுகளுக்குள் ஓர் உலோகச் சாவி ஒளிந்திருக்கும். ஓட்டுநர் கதவின் கைப்பிடியிலோ, அதிலுள்ள சிறு மூடியின் பின்னாலோ சாவித் துவாரம் இருக்கும். அது எங்கே என்பதைப் பகலில், பதற்றமில்லாத நேரத்தில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தள்ளி ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம். மின்சாரக் கார் அப்படி ஸ்டார்ட் ஆகாது. சக்கரம் தரையில் உருள இழுத்துச் சென்றால் மோட்டார் பழுதாகலாம். தூக்கிச் செல்லும் லாரியையே அழையுங்கள்.

ஜம்ப் ஸ்டார்ட். கையேடு அனுமதித்தால், கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் கொண்டோ பெட்ரோல் காரின் பேட்டரி கொண்டோ உயிர்ப்பிக்கலாம். வரிசை முக்கியம்: சிவப்பு வயரை நம் பேட்டரியின் பிளஸ்ஸில், அதன் மறுமுனையை உதவும் காரின் பிளஸ்ஸில், கறுப்பு வயரை உதவும் காரின் மைனஸில், கடைசி முனையை நம் காரில் பேட்டரியிலிருந்து தள்ளியுள்ள வெற்று உலோகத்தில் மாட்ட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து பிரேக்கை மிதித்து பட்டனை அழுத்துங்கள். 'ரெடி' வந்ததும் மாட்டியதற்கு நேர்மாறான வரிசையில் கழற்றுங்கள். ஒரு மணி நேரமாவது 'ரெடி'யில் விடுங்கள், அல்லது ஓட்டுங்கள்.

ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடக் கூடாது. அது உயர் மின்னழுத்த வயர். நம் மின்சாரக் காரிலிருந்து மற்றவர் காருக்கு ஜம்ப் கொடுப்பதையும் பெரும்பாலான கையேடுகள் தடுக்கின்றன. உதவ மனம் இருந்தால் கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கி வைத்து அதைக் கொடுத்து உதவலாம்.

மறுபடியும் இறங்கினால்

ஒருமுறை உயிர்ப்பித்த பிறகு சில நாட்களில் மீண்டும் டவுன் ஆனால் மூன்றில் ஒன்று காரணம். 'ரெடி'யில் வோல்ட் ஏறவில்லை என்றால் கன்வெர்ட்டர். 'ரெடி'யில் ஏறியும், காரில் கூடுதல் சாதனம் எதுவும் இல்லாதபோதும் ஒரே இரவில் இறங்கினால் பேட்டரியின் ஆயுள் முடிந்திருக்கலாம். கூடுதல் சாதனத்தைக் கழற்றியதும் பிரச்சினை நின்றால் குற்றவாளி அந்தச் சாதனம். இந்த மூன்றையும் எழுதிக் கொண்டுபோய்ச் சொன்னால் சர்வீஸ் சென்டரில் வேலை சீக்கிரம் முடியும்.

பேட்டரி மாற்றும்போது கம்பெனி சொன்ன அதே வகை, அதே அளவு வாங்க வேண்டும். பெரிய பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் தரும் 8 ஆண்டு வாரண்டி சின்ன பேட்டரிக்குப் பொருந்தாது. அதற்குத் தனி, குறுகிய வாரண்டிதான். அதன் அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போடாமல் விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். 2022-ம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மீது வைத்துள்ளன. ஈயம் மண்ணிலும் தண்ணீரிலும் கலந்தால் பாதிப்பு நம் பிள்ளைகளுக்குத்தான்.

ஹஜ், உம்ரா, நீண்ட பயணம் செல்லும் முன்

பெரிய பேட்டரியைப் பாதி அளவு சார்ஜில் விட்டுச் செல்லுங்கள். கூடுதல் சாதனங்களின் இணைப்பைக் கழற்றுங்கள். நம்பிக்கையான உறவினரிடம் சாவியைக் கொடுத்து, பத்து நாளுக்கு ஒருமுறை காரை ஒரு மணி நேரம் ஓட்டவோ 'ரெடி'யில் வைக்கவோ சொல்லுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் மைனஸ் டெர்மினலைக் கழற்றி வைக்கலாமா என்று கையேட்டிலோ சர்வீஸ் சென்டரிலோ கேட்டுச் செய்யுங்கள்.

வெள்ளம் வந்தால்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சுமார் 800 பேர் சிக்கித் தவித்தபோது புதுக்குடி மக்கள் உணவு சமைத்துக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட வெள்ளத்தில் நின்ற மின்சாரக் காரை, தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்யவோ, சார்ஜ் போடவோ, ஜம்ப் கொடுக்கவோ கூடாது. முடிந்தால் கட்டடத்திலிருந்து தள்ளி நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டரை அழையுங்கள்.

ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டிவிட்டுப் பிறகு பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த செய்தி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. நம் வீட்டு வாகனத்துக்கும் அது பொருந்தும். இந்த ஜுமுஆ தொழுகைக்குப் பின் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். உலோகச் சாவியால் கதவைத் திறந்து காட்டுங்கள். 12 வோல்ட் பேட்டரி எங்கே என்று காட்டுங்கள். சாலை உதவி எண்ணை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோ காலில் இதைச் செய்யலாம். வீட்டில் உள்ள பெண்களும் பெரியவர்களும் ஒருமுறை தம் கையாலேயே செய்து பார்த்துவிட்டால், நள்ளிரவில் யாருடைய தொலைபேசிக்காகவும் காத்திருக்க வேண்டியிருக்காது, இன்ஷா அல்லாஹ்.

நம் அனைவரின் பயணங்களையும் அல்லாஹ் பாதுகாப்பானதாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.