கித்துல்கலவிற் கட்டிய பாலம்: திரைக்கதைக் கல்வி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திரைக்கதையாக்கமும் தொலைக்காட்சித் தயாரிப்பும் இன்று உயர்கல்விப் பாடங்களாகிவிட்டன. ஆயினும் அவை பெரும்பாலும் தொழினுட்பப் பயிற்சியாகவே கருதப்படுகின்றன. காட்சியை எவ்வாறு பிரிப்பது, உரையாடலை எவ்வாறு அமைப்பது, கமெராவை எங்கு நிறுத்துவது என்பனவே முதன்மை பெறுகின்றன. யாருடைய வாழ்வு காட்சியாகிறது, யாருடைய உழைப்பு காட்சியிலிருந்து நீக்கப்படுகிறது என்னும் வினா பின்தள்ளப்படுகிறது. இவ்வினாவின் முக்கியத்துவத்தை உணர மாவனல்லை மாணவர் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. அவரது கேகாலை மாவட்டத்திலேயே, களனி கங்கைக் கரையிலுள்ள கித்துல்கலவில், அதற்குரிய சான்று உண்டு.

டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்னும் திரைப்படத்தின் பாலம் இங்குதான் கட்டப்பட்டது. படத்தின் உச்சக் காட்சிக்காக இங்கேயே தகர்க்கப்பட்டது. 1942-43இல் யப்பானிய இராணுவம் அமைத்த சயாம்-பர்மா ரயில்பாதையே கதைக்களம். பாலத்தைக் கட்டுவோராகப் படம் காட்டுவது பிரித்தானியப் போர்க்கைதிகளையே. வரலாறு கூறுவதோ வேறு. நேசநாடுகளின் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அப்பாதையில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆனால், அங்கு கொண்டுசெல்லப்பட்ட ஆசியத் தொழிலாளர் சுமார் இரண்டு இலட்சம் பேர் என மதிப்பிடப்படுகிறது. மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் அவர்களுட் பெருந்தொகையினர். இறந்தோரிலும் ஆசியத் தொழிலாளரே மிகுதி. அவர்களுக்குத் திரைக்கதையில் இடமில்லை. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழும் ஒரு மாவட்டத்திலேயே, தமிழ்த் தோட்டத் தொழிலாளரை விலக்கிய அப்படம் உருவாயிற்று என்பது மனங்கொளத்தக்கது.

இதே திரைக்கதையின் வரலாற்றில் இன்னொரு மறைப்பும் உண்டு. திரைக்கதைக்கான ஒஸ்கார் பரிசு, மூலநாவலை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூலுக்கு வழங்கப்பட்டது. உண்மையில் அத்திரைக்கதையை எழுதியோர் கார்ல் போர்மனும் மைக்கல் வில்சனுமாவர். அமெரிக்காவில் நிகழ்ந்த கம்யூனிச எதிர்ப்பு விசாரணைகளின் விளைவாக இருவரும் கறுப்புப் பட்டியலில் இருந்தமையால் அவர்களது பெயர்கள் நீக்கப்பட்டன. அவர்களுக்கு அப்பரிசு உரித்தாக்கப்பட்டது 1984இலேயே. அப்போது இருவரும் உயிரோடில்லை. பண்டத்தினுள் உழைப்பு மறைந்து கிடக்கிறது என்னும் கூற்றுக்கு இதனினும் தெளிவான உதாரணம் தேடுதல் அரிது. எழுதியவர் பெயரை மூலதனம் மறைத்தது. எழுதியவர்களோ தொழிலாளரை மறந்தனர். இடதுசாரிச் சார்புடையோர் எழுதிய கதையிலும் குடியேற்றவாதப் பார்வை குடிகொள்ள இயலும் என்பதை நாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

மட்டக்களப்பைச் சேர்ந்த பாலுமகேந்திரா (1939-2014), பள்ளிப் பருவத்திற் சுற்றுலா சென்றபோது இப்படப்பிடிப்பைக் கண்டதாகவும், லீன் 'மழை' என்றதும் மழை பெய்த காட்சியே தம்மைத் திரைப்படத்துறைக்கு ஈர்த்ததாகவும் கூறியுள்ளார். அவர் பூனே திரைப்பட நிறுவனத்தில் ஒளிப்பதிவு பயின்று 1969இல் வெளியேறினார். பிரபாத் ஸ்ரூடியோ இருந்த வளவில் இந்திய அரசு 1960இல் நிறுவிய கல்விக்கூடம் அது. அங்கு பெற்ற பயிற்சியின் முதிர்ச்சியை 'வீடு' (1988) போன்ற படங்களிற் காணலாம். வீடு கட்ட முனையும் நடுத்தர வர்க்கப் பெண்ணின் அவலம் அதிற் பொருளாதார உண்மையாகவே விரிகிறது. 2007இற் சென்னையில் 'சினிமாப் பட்டறை' என்னும் பயிற்சிக்கூடத்தையும் அவர் தொடங்கினார். எனினும் அவரது இயக்குநர் வாழ்வு முழுவதும் இந்தியத் திரையுலகிலேயே அமைந்தது. கித்துல்கலவில் எழுந்த கனவு கித்துல்கலவின் தொழிலாளரிடம் திரும்பி வரவில்லை.

இதனைத் தனிமனிதர் ஒருவரின் குறையாகக் கொள்ளுதல் தவறாகும். கல்வி வாய்ப்பும் கடவுச்சீட்டும் இருந்தவருக்கே பூனே எட்டக்கூடியதாயிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் பிள்ளைக்கு அவை இரண்டும் இருக்கவில்லை. 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும்வரை, தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை ஆரம்ப வகுப்புகளுடன் முடிவுற்றன. இலங்கையில் 1979இற் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாகினியும் தோன்றின. 1977இற் புகுத்தப்பட்ட திறந்த பொருளாதாரம் விளம்பரத்துக்கும் நுகர்வுக்கும் வழிதிறந்த காலம் அது. லயன் அறைக்குள்ளும் தொலைக்காட்சிப் பெட்டி காலப்போக்கில் நுழைந்தது. பார்ப்போராக உள்வாங்கப்பட்ட அம்மக்கள், ஆக்குவோராக உள்வாங்கப்படவில்லை.

ஆகவே, தோட்டப்புற மாணவர் ஊடகக் கலைகளைக் கற்பது ஒரு தொழில்வாய்ப்பு என்ற அளவில் அடங்கிவிடுவதன்று. ஆக்கக் கருவிகளின் உடைமை பற்றிய பிரச்சினையும் அதுவேயாகும். கருவி கைக்கு வந்தாற் போதும் எனவும் கொள்வதற்கில்லை. இன்று கைத்தொலைபேசியிலேயே படம்பிடிக்கலாம். ஆனால் எதை நீக்குவது, யாரை நடுவில் நிறுத்துவது என்ற முடிவு திரைக்கதையிலேயே எடுக்கப்படுகிறது. மாவனல்லையில் ஒரு திரைக்கதை வகுப்புத் தொடங்குமாயின், அதன் முதற் பயிற்சி கித்துல்கலப் பாலத்துக் காட்சியை மீள எழுதுவதாக அமையலாம். மலாயாத் தோட்டத்திலிருந்து சென்ற ஒருவர் அப்பாலத்தின்மீது நிற்கிறார். அவருக்குப் பெயர் உண்டு; ஊர் உண்டு; விட்டுவந்த குடும்பம் உண்டு. அவர் என்ன பேசுவார் என்பதை எழுத முற்படும் மாணவர், கலையையும் வரலாற்றையும் ஒருங்கே கற்கத் தொடங்கிவிட்டார் எனலாம்.