பெரிபெரி

தயமின் எனப்படும் விற்றமின் பி1 உடலில் குன்றுவதால் வரும் நோய். நரம்புகளைத் தாக்கிக் கால்களை மரத்துப்போகச் செய்வதை உலர் பெரிபெரி என்றும், இதயத்தைத் தளர்த்தி உடலில் நீர் கோக்கச் செய்வதை ஈரப் பெரிபெரி என்றும் மருத்துவர் பிரிப்பர்.

இச்சொல் இலங்கையிலிருந்தே ஆங்கிலத்துக்குப் போனது என்பது ஆங்கில அகராதிகள் பலவற்றின் துணிபு. சிங்களத்தில் ‘பெரி’ என்றால் ‘இயலாது’. கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விலை குறைக்கச் சொன்னால் கடைக்காரர் சொல்லும் ‘பே’ அதற்கு உறவான பேச்சு வழக்கு. எழுந்து நிற்கவும் வலுவில்லாதவரின் முறையீடு இரட்டித்து நோயின் பெயரானது என்பர். பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) பணியாற்றிய டச்சு மருத்துவர் பொன்ஷியஸ் வேறு விளக்கம் தந்தார். 1642இல் வெளிவந்த அவரது நூல், நோயாளியின் நடை ஆட்டின் நடையை ஒத்ததால் இப்பெயர் வந்தது என்கிறது. சிங்கள வேரே பொருத்தமாகத் தோன்றுகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் இருந்த தாமஸ் கிறிஸ்டி முதலிய பிரித்தானியப் படை மருத்துவர்கள் இந்நோயைப் பற்றி எழுதியதால் பெயர் ஆங்கில மருத்துவத்தில் பரவியது.

காரணத்தைத் தேடிய கதையில் தமிழருக்கும் இடமுண்டு. மலாயாவில் சீனத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக மடிந்தபோது தமிழ்த் தோட்டத் தொழிலாளரை நோய் பெரும்பாலும் அண்டவில்லை. சீனர் உண்டது தீட்டிய பச்சையரிசி, தமிழர் உண்டது புழுங்கலரிசி. பிராடன் என்ற மருத்துவர் இதைச் சுட்டிக்காட்டினார். வில்லியம் ஃபிளெச்சர் என்ற மருத்துவர் 1905ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒன்றுக்குப் பச்சையரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்து இதைச் சோதிக்கத் தொடங்கினார். பச்சையரிசி உண்ட பிரிவில் 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவர்களில் எவரும் இந்நோயால் இறக்கவில்லை. நோயாளிகளை அவர்கள் அறியாமலே பலிகொடுத்த அச்சோதனையை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. இறந்தவர்களின் பெயர்களை மருத்துவ வரலாறு சொல்வதுமில்லை.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமினில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்குகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் அது முழுதும் போவதில்லை; களைந்த நீரோடு கரைந்து போவதும் குறைவு. பத்தாவியாவில் கோழிகளைக் கொண்டு இந்நோயின் காரணத்தை ஆராய்ந்த ஐக்மான் 1929இல் நோபல் பரிசு பெற்றார். தயமினைப் படிகமாகப் பிரித்தெடுத்ததும் அதே நகரில்தான், 1926இல்.

இன்று இச்சொல் மதுவுக்கு அடிமையானவர், நீண்டகாலம் வாந்தியால் வாடுவோர், தயமின் குறைந்த தாயிடம் பாலுண்ணும் சிசுக்கள் ஆகியோர் குறித்தே பெரும்பாலும் வழங்குகிறது. சிசுக்களில் நோய் சில மணிநேரத்தில் முற்றக்கூடும். தயமின் ஊசி போட்டால் தேறுவதும் அவ்வளவு விரைவே.