அளவுகோலின் பிறப்பிடம்: ஓட்டிசம் கண்டறிதலும் ஒஷாவாத் தமிழரும்

1943இல் லியோ கானர் ஓட்டிசத்தை விவரித்த கட்டுரையில் இடம்பெற்ற குழந்தைகள் 11 பேர். அவர்களுள் சிறுமியர் மூவரே. பெற்றோர் பெரும்பாலும் உயர்கல்வி பெற்ற அமெரிக்க வெள்ளையர். மருத்துவமனையை நாட வல்லோரின் இயல்பே நெடுங்காலம் அந்நிலையின் இயல்பாகக் கருதப்பட்டது.

அப்பார்வையின் விளைவை இலங்கை ஆய்வொன்று காட்டுகிறது. ஹேமமாலி பெரேரா குழுவினர் புறநகர்ப் பகுதியொன்றில் 18 முதல் 24 மாத வயதுடைய 374 குழந்தைகளை ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். மருத்துவப் பரிசோதனையில் ஓட்டிசம் உறுதியானோர் நால்வர். அமெரிக்காவில் உருவான எம்-சாட் வினாக்கொத்துக்குத் தாய்மார் அளித்த விடைகள் இனங்காட்டியதோ ஒருவரை மட்டுமே. வினாக்களை மொழிபெயர்த்தாற் போதும் என்ற நம்பிக்கை அங்கே ஆட்டங்கண்டது. 2017இல் பெரேரா குழுவினர் படங்களுடன் கூடிய கருவியொன்றை வெளியிட்டனர்.

ஸ்காபரோவிலிருந்து கிழக்கே நகர்ந்த ஈழத்தமிழர் ஒஷாவாவிலும் குடியேறியுள்ளனர். ஒன்ராறியோ ஓட்டிசத் திட்டத்தில் சேர எழுத்துமூல நோயறிதல் கட்டாயம். ஆனால் 'தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்' என்னும் வீட்டு விளக்கம் வினாக்கொத்தில் அடங்குவதில்லை. (தமிழில் வழங்கும் 'மதியிறுக்கம்' என்ற சொல்லோ, பரிசோதனைக்கு முன்பே அறிவைப் பற்றித் தீர்ப்பளித்துவிடுகிறது.) பேச்சுத் தாமதத்தை இருமொழிக் குழப்பம் என்று ஒத்திப்போடும் மாதங்களில் குழந்தை அத்திட்டத்துக்கு வெளியிலேயே வளர்கிறது.