இரண்டு விடியல் கண்ட தபால் மூட்டை

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதும், ஆஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த விமானப் பாதை அறுந்தது. அதன்பின் பெர்த்திலிருந்து ஓர் அவசரக் கடிதம் விரைவாக லண்டன் சேர ஒரு வழி, எங்கும் இறங்காமல் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி இலங்கையைப் பிடிப்பது. பெர்த்தின் ஸ்வான் நதியிலிருந்து இலங்கையின் காலி நகருக்குப் பக்கத்தில் இருக்கும் கொக்கல ஏரி வரை சுமார் 5,650 கிலோமீட்டர்.

1943-ன் நடுவில் குவாண்டாஸ் நிறுவனம் இந்தத் தூரத்தை கேட்டலினா என்ற நீர்விமானத்தில் கடக்கத் தொடங்கியது. மணிக்கு இருநூறு கிலோமீட்டரை ஒட்டிய வேகம்தான். அப்படியானால் ஒரு பகலும் ஓர் இரவும் போய், மறுநாளும் பறந்தாக வேண்டும். அவ்வளவு நேரத்துக்கான பெட்ரோலைச் சுமக்க, விமானத்தில் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றினார்கள்; துப்பாக்கிகளும் போயின. மிஞ்சிய இடம் அதிகபட்சம் மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும்தான். ராணுவக் கடிதங்களும் தூதரகக் கடிதங்களும் அடங்கிய அந்த மூட்டை ஒரு கிலோ கூடினாலும் அந்த எடைக்குப் பெட்ரோல் குறையும்.

ஜப்பானிய விமானங்கள் எட்டக்கூடிய பகுதியை இருட்டில் கடக்கும்படி கணக்குப் பார்த்துப் புறப்பட்டார்கள். வானொலியில் பேசக் கூடாது, பேசினால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். ஆகவே வழிகாட்டி நட்சத்திரங்கள்தான். இரவில் செக்ஸ்டன்ட் என்ற கோணமானியைக் கண்ணில் வைத்து, ஒரு நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று அளந்து, கடிகாரத்தையும் அட்டவணையையும் ஒப்பிட்டு, வரைபடத்தில் கோடு போடுவார் வழிகாணி. மேகம் மூடினால் அதுவும் இல்லை. இந்தச் சேவையில் பறந்த ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயரையே வைத்திருந்தார்கள்: ஆல்டேர், வேகா, ரைஜல், அன்டாரிஸ், ஸ்பைகா. நம் பஞ்சாங்கத்தின் திருவோணமும் கேட்டையும் சித்திரையும் இதில் அடக்கம்.

பயணம் 27 மணி நேரத்திலிருந்து 33 மணி நேரம் வரை பிடித்தது. எதிர்க்காற்று அடித்தால் நேரம் நீளும். ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதிப்பதைப் பார்த்ததால், பயணிகளுக்கு 'இரட்டை விடியலின் ரகசியச் சங்கம்' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். இன்றைய ஜெட் விமானத்துக்கு பெர்த்திலிருந்து இலங்கை ஏறத்தாழ ஏழு மணி நேரத் தூரம். 2018 முதல் பெர்த்திலிருந்து லண்டனுக்கே எங்கும் இறங்காமல் சுமார் பதினேழு மணி நேரத்தில் போய்விடலாம்.

மூட்டை இறங்கிய கொக்கலவுக்கும் ஒரு விலை இருந்தது. நீர்விமானத் தளத்துக்காக அந்த ஊர் மக்களை வெளியேற்றினார்கள். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்ரமசிங்க பிறந்த ஊர் அது; அவர் வீடு மட்டும் எப்படியோ தப்பியது. தபாலின் வேகத்தைப் பேசும்போது அந்த மக்களையும் சேர்த்தே பேச வேண்டும். மூட்டை கொக்கலவிலிருந்து கராச்சி வழியாக லண்டன் போனது.

1945 ஜூலையில் சேவை நின்றபோது 271 முறை கடலைக் கடந்திருந்தார்கள். ஒரு விமானம்கூட வழியில் தொலையவில்லை. அந்த விமானங்கள் அமெரிக்காவின் கடன்-குத்தகை ஏற்பாட்டில் வந்தவை, சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாதவை என்பதால், போர் முடிந்ததும் அவற்றை ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். ஒன்றையாவது கொக்கலவிலோ பெர்த்திலோ வைத்துக் காப்பாற்றியிருக்க வேண்டும்.