சிறுமூளையின் பெருங்கதை

பிடரிக்குச் சற்று மேலே, பின்மண்டையில் கையை வைத்துப் பாருங்கள். அந்த எலும்புக்கு உள்ளேதான் சிறுமூளை இருக்கிறது. எடையில் முழு மூளையின் பத்தில் ஒரு பங்குதான். "உடல் தள்ளாடாமல் காப்பது" என்று தேர்வில் ஒரே வரி எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். ஆனால், அந்த ஒரு வரி போதாது என்று அறிஞர் உலகம் உணர நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று!

1824-இல் பிரெஞ்சு அறிஞர் புளூரன்ஸ் தம் ஆய்வுகளை நூலாக வெளியிட்டார். புறாக்களின் சிறுமூளையைச் சிறிது சிறிதாக அகற்றிப் பார்த்தவர் அவர். புறாவுக்குக் கண் தெரிந்தது, காது கேட்டது. ஆனால், ஒழுங்காக நடக்கவோ பறக்கவோ முடியவில்லை. பின்னர், முதல் உலகப் போரில் பின்மண்டையில் குண்டடிபட்ட படைவீரர்களைக் கார்டன் ஹோம்ஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்தார். அவர்களும் தள்ளாடினார்கள், பேச்சுக் குழறிற்று. அப்புறம் என்ன? சிறுமூளைக்கு உடல் அசைவைத் தவிர வேறு வேலை இல்லை என்று பலரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

இந்த இருவரும் கண்டதைத்தான் எழுதினார்கள். கண்டது மட்டுமே முழுமை என்று பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்டதில்தான் பிழை நேர்ந்தது. புறாவிடம் போய், "உன் மனசு எப்படி இருக்கு?" என்று கேட்க முடியுமா? நோயாளியிடம் கேட்கலாம், ஆனால் கேட்டவர் சிலரே.

1986-இல் அமெரிக்காவில் லைனர் தம்பதியரும் நரம்பியல் அறிஞர் டௌவும் ஒரு வினாவை எழுப்பினார்கள். சிந்திக்கும் பெருமூளையோடு கோடிக்கணக்கான நரம்பிழைகளால் இணைந்துள்ள சிறுமூளைக்குச் சிந்தனையில் பங்கே இல்லையா என்பதுதான் அது.

1998-இல் போஸ்டன் நகரின் ஷ்மாமன், ஷெர்மன் ஆகிய இருவரும் விடை தந்தார்கள். சிறுமூளை மட்டும் பாதிக்கப்பட்ட 20 நோயாளிகளை அவர்கள் ஆராய்ந்திருந்தார்கள். பலர் திட்டமிடத் திணறினார்கள். தேடிய சொல் நாவுக்கு வரவில்லை. சிலர் முகத்தில் உணர்ச்சியே இல்லை. வேறு சிலர் இடம், பொருள், ஏவல் தெரியாமல் நடந்துகொண்டார்கள். காலடி கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்வது போலவே, எண்ணத்தையும் உணர்ச்சியையும் சிறுமூளை அளவோடு நடத்துகிறது என்பது ஷ்மாமனின் கருத்து. 2009-இல் பிரேசில் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி இந்தச் சின்ன உறுப்பிலேயே இருந்தன. சும்மா சொல்லக்கூடாது, பெரிய ஆள்தான்!

இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. சிறுமூளையில் கட்டி வந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். மறுபடி நடக்கிறான். "அதான் நல்லாயிட்டானே!" என்கிறார்கள் வீட்டில். ஆனால் பாடம் மனத்தில் நிற்கவில்லை. தொட்டதற்கெல்லாம் அழுகை, கோபம். சோம்பேறி, பிடிவாதக்காரன் என்று ஏச்சு வாங்குகிறான். அது அவன் குற்றமன்று, காயத்தின் விளைவாக இருக்கலாம் என்று இன்றைய மருத்துவம் அறியும். அறிந்தால்தானே உதவ முடியும்?

பரிசளிப்பு நாளில் நான் சொல்ல விரும்புவதும் இதுவே. "இவன் பந்து விளையாடத்தான் லாயக்கு" என்று யாரைப் பற்றியும் சொல்ல வாயெடுக்கும்போது, கொஞ்சம் பின்மண்டையைத் தடவிப் பாருங்கள். ஒரு வேலையைக் கண்டுவிட்டு, மற்றதைத் தேடாமலே விட்ட கதை அங்கே இருக்கிறது.